வளவும் வில்லங்கமும்

பர்மாச் சொத்து கைவிட்டுப் போன பிறகு செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்தவர்களில் பலர் கையில் அளவுநாடா வைத்திருந்தார்கள். முகப்பில் நுழைந்ததும் அவர்கள் கண் தூணுக்குப் போகும். சுற்றளவு எடுப்பார்கள், உத்தரங்களை எண்ணுவார்கள், நிலைகளில் உள்ள சிற்ப வேலையைத் தடவிப் பார்ப்பார்கள். வளவைத் தாண்டுவதற்குள் மனக்கணக்கு முடிந்திருக்கும்: இத்தனை கன அடி தேக்கு, இத்தனை நிலை, இத்தனை ஜோடிக் கதவு. சுவர் அந்தக் கணக்கில் வெறும் இடிபாடு. வீட்டைப் பிரித்து விற்கும் வியாபாரிக்கு அது சரியான பார்வைதான். இன்று குடியிருக்க வீடு வாங்க வருகிறவரும் பெரும்பாலும் அதே கண்ணோடுதான் வருகிறார் என்பதுதான் வருத்தம். தூணைத் தொட்டு மயங்கி, ஆத்தங்குடிக் கல்லைப் படம் பிடித்து, விலை பேச உட்கார்ந்துவிடுகிறார். செட்டிநாட்டு வீட்டில் தேக்கு கடைசியாகக் கெடும் பொருள். அதற்கு வெகு முன்பே கூரையின் கூடுவாய் கெட்டிருக்கும். கூடுவாய்க்கும் முன்பே பங்குக் கணக்கு சிக்கலாகியிருக்கும். ஏன் அப்படி என்று புரிய, அந்த வீடுகள் யாருக்காக, எந்தப் பணத்தில், எந்த எண்ணத்தில் எழுந்தன என்று பார்க்க வேண்டும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோவில்களாகப் பிரிந்து, 96 ஊர்களில் குடியேறியதாகச் சொல்வார்கள். இன்று எழுபத்துச் சொச்சம் ஊர்கள் மிஞ்சியிருக்கின்றன. கடல் கொண்ட பட்டினத்தின் நினைவால்தான் வீடுகளை மேட்டில், உயர்ந்த அடித்தளத்தின் மேல் கட்டினார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. காரணம் எதுவானாலும் உயரம் கண்கூடு. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தெருவில் நின்றால், படியேறித்தான் திண்ணையை அடைய முடியும்.

தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கிணற்றடி என்று கிழக்கு மேற்காக ஒரே அச்சில் நீள்கிறது. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தால் தலைவாசலில் நிற்பவருக்குப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். காற்று போக வர அது வழி. பிரமிக்க வைக்கவும் அதுவே வழி.

இவ்வளவு பெரிய வீட்டுக்குப் பணம் கடல் தாண்டி வந்தது. 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்பு நிலம் வயலாக மாற முதல் தேவைப்பட்டது, அந்த முதலை லேவாதேவியாகத் தந்தவர்கள் செட்டியார்கள். இரங்கூன் மொகல் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. மூன்று வருடக் கணக்கில் ஆட்கள் போய்வந்தார்கள். 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அங்கே 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. இலங்கை, மலாயா, சைகோன் வேறு. ஆண்கள் அக்கரையில் இருக்க, ஊரில் ஆச்சிகள் குடும்பத்தையும் கட்டட வேலையையும் பார்த்துக்கொண்டார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. இத்தாலிச் சலவைக்கல், ஜப்பான் ஓட்டுச் சில்லு, பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு உத்தரம் எல்லாம் வந்தன. சுண்ணாம்பும் செங்கல்லும் கொத்தனார்களின் கைத்திறமையும் மட்டும் உள்ளூர்.

வீட்டின் நடுவே இருக்கும் வளவைப் பார்த்தால் குடும்பக் கணக்கே கட்டடமாக நிற்பது தெரியும். திறந்த முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம், தாழ்வாரத்தின் இருபக்கமும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஓர் இடம். நகரத்தாரில் கல்யாணம் ஆனதும் தம்பதி ஒரு புள்ளியாகிவிடுவார்கள். கோவிலுக்கு வரி தனி. வீட்டிலேயே அடுப்பும் தனியாகும், ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் கொடுத்துவிடுவார்கள். கூரை ஒன்று, உலை பல. அறையில் அந்தத் தம்பதியின் சீர்ப்பாத்திரமும் பெட்டகமும் இருக்கும், பூட்டின் சாவி அவர்களிடம் இருக்கும். முகப்பும் வளவும் முற்றமும் எல்லாருக்கும் பொது. கட்டியவர் பேரன் காலத்தையும் யோசித்துத்தான் கட்டினார். கொள்ளுப்பேரன் காலத்தை யாராலும் யோசிக்க முடியவில்லை.

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். 1905-இல் கட்டிய வீட்டுக்கு நான்கு மகன்கள். அவர்களுக்கு மும்மூன்று மகன்கள் என்றால் பன்னிரண்டு பங்கு. அடுத்த தலைமுறையில் இரண்டிரண்டு என்றாலும் இருபத்துநாலு. இதற்குள் எழுபது எண்பது வருடம் போயிருக்கும். பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். பலர் அந்த வீட்டில் ஒரு வாரம்கூடச் சேர்ந்தாற்போல் தங்கியிருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் வந்து போவார்கள். ஆனால் ஒவ்வொருவரும் சட்டப்படி உரிமையாளர்.

செட்டிநாட்டில் வீடு பார்க்கப் போகிறவர் வாசலில் முதலில் கவனிக்க வேண்டியது கஜலட்சுமியின் அழகை அல்ல, விலாசத்தை. முகப்பிலோ நிலைக்கு மேலோ பொறித்திருக்கும் அந்த எழுத்துவரிசையில் தாத்தா, அப்பா என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் இருக்கும். வம்சாவளியின் சுருக்கம் அது. விற்க முன்வருபவரின் தலைப்பெழுத்துகளோடு அதை ஒப்பிட்டாலே பாதிக் கேள்விகள் எழும். எங்கே ஒரு எழுத்து மாறுகிறதோ அங்கே ஒரு கிளை பிரிந்திருக்கலாம், அல்லது ஒரு சுவீகாரம் நடந்திருக்கலாம். ஒரே கோவிலைச் சேர்ந்த குடும்பத்திலிருந்து பிள்ளை எடுப்பது நகரத்தாரிடம் பரவலான வழக்கம். சுவீகாரம் போன பிள்ளைக்குப் போன வீட்டில்தான் பங்கு. இதை விசாரிக்காமல் வம்சாவளி வரைந்தால் ஒரு கிளை விட்டுப்போகும் அல்லது இல்லாத கிளை முளைக்கும்.

பெண்மக்களின் உரிமை இன்னொரு பெரிய விஷயம். வீடு கட்டிய காலத்தில் மகளுக்குச் சீர் உண்டு, வீட்டில் பங்கு இல்லை. 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அந்த வருடம் மார்ச் 25 வரை கல்யாணமாகாத பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு கொடுத்தது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் கல்யாணமான பெண்களையும் சேர்த்துக்கொண்டது. திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. பிறப்பாலேயே உரிமை, தந்தை இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைத் திருத்தம் தொடாது. ஆகவே அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டுத் தரும் பத்திரத்தைக் கண்டால், அக்கா தங்கைகளின் விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்கத்தான் வேண்டும். ஆச்சிகள் காத்த வீடு அது.

ஒரே ஒரு பங்காளியிடம் அவருடைய பங்கை மட்டும் வாங்கினால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். விலை மலிவாக இருக்கும். ஆனால் 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பில் பங்கு வாங்கிய வெளியாள், குடும்பத்தாரோடு கூட்டாக அதை அனுபவிக்கும் உரிமை கேட்க முடியாது. பாகப்பிரிவினை கேட்டு அவர் வழக்குப் போட்டால், 1893-இன் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆவது பிரிவின்படி குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை நீதிமன்றம் வைக்கும் விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்தில் எழுதிய இரண்டு பிரிவுகளும் செட்டிநாட்டு வளவுக்காகவே எழுதியதுபோல் பொருந்துகின்றன. முற்றத்தை யார் எப்படிப் பிரிப்பது?

வெளிநாட்டில் இருப்பவர்கள் பவர் பத்திரம் அனுப்புவது வழக்கம். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு போய்விடும். பங்காளிகள் பலர் எண்பதைத் தாண்டியவர்கள் என்பதால் இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. பவர் பத்திரத்தையே விற்பனையாகப் பாவிப்பது செல்லாது என்று 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய பவரைக் காட்டி அட்வான்ஸ் கேட்பவரிடம், கொடுத்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதே முதல் வேலை.

இனி ஊரின் நிர்வாக வரலாறு. செட்டிநாடு இன்று சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. கடியாபட்டி, ராயவரம், அரிமளம் பக்கம் 1948 மார்ச் வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம். ஆவணமும் நிலக்கணக்கும் தொண்டைமான் ஆட்சியில் எழுதியவை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஜமீன் மண். 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிக்கு மாறியது. பிறகு இராமநாதபுரம் மாவட்டம், 1985 முதல் சிவகங்கை மாவட்டம். ஒரே வீட்டின் தாய்ப்பத்திரத்தில் ஓர் எல்லைவிவரமும் இன்றைய பட்டாவில் வேறொரு சர்வே எண்ணும் இருப்பது இதனால்தான். வீட்டுமனைகள் பெரும்பாலும் கிராம நத்தம். பல குடும்பங்களில் பட்டா இன்னும் கட்டியவரின் பெயரிலோ, இறந்துபோன மூத்த மகன் பெயரிலோ இருக்கும். வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்கு மட்டும் எடுத்துத் திருப்திப்படுவது மற்ற ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே முப்பது வருடத்தில் எதுவுமே நடந்திருக்காது, வீடு பூட்டிக் கிடந்திருக்கும். வில்லங்கம் அதற்கு முன்னால் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கைப்பட எழுதிய பழைய புத்தகங்களைத் தேடச் சொல்லிப் பணம் கட்டுவது வீண்செலவு ஆகாது.

சொத்து ஏன் பூட்டிக் கிடக்கிறது என்ற கேள்விக்கு விடை பர்மாவில்தான் இருக்கிறது. 1930-இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்தது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். பணமாக இருந்தது சேறாக உறைந்தது என்று சொல்லலாம். 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தார்கள். பலர் காட்டுவழியே நடந்து வந்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. கட்டடக் கணக்கில் அதன் விளைவு உடனே தெரிந்தது. 1940-களுக்குப் பிறகு அந்த அளவில் வீடு எழவில்லை. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ஐச் சேர்ந்தது. ஏறக்குறைய அதுவே அந்தக் காலத்தின் கடைசி மூச்சு.

வருமானம் நின்றபின் பராமரிப்புச் செலவுதான் மிச்சம். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் ஓடு மாற்ற வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இருபத்துநாலு பேரும் சேர்ந்து செலவு செய்ய ஒப்ப மாட்டார்கள், விற்கவும் ஒப்ப மாட்டார்கள். ஆனால் பெட்டகத்தைப் பங்கு போட்டு விற்பது எளிது. பிறகு கண்ணாடி, பிறகு ரவிவர்மா படம், பிறகு நிலை, கடைசியில் தூண். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் அப்படித்தான் நிரம்பின. செட்டிநாட்டுத் தூண்கள் சென்னை உணவகங்களிலும் கொச்சி விடுதிகளிலும் நிற்பதற்குக் காரணம் இதுதான். நல்ல விதிவிலக்கு ஒன்று உண்டு. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். வளவு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர் காரைக்குடி போகுமுன் அங்கே ஒரு நாள் சுற்றலாம்.

இந்த வரலாறு தெரிந்தவருக்கு வீட்டுக்குள் கண் வேறு மாதிரி வேலை செய்யும். சிற்ப வேலைப்பாடு உள்ள வாசல்களுக்கு நடுவே ஒன்றில் மட்டும் சாதா நிலை, சுற்றிச் சிமெண்டுப் பூச்சு. அங்கிருந்த நிலையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். எடுத்தபோது மேலே இருந்த சுவருக்கு முட்டுக் கொடுத்தார்களா, விரிசல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்வாரத்தில் தூண்களின் இடைவெளி ஓரிடத்தில் மட்டும் அகன்றிருந்தால் ஒரு தூண் போயிருக்கிறது, உத்தரம் தொய்ந்திருக்கும். ஒரு கட்டு முழுக்கத் தாழிட்டுக் கிடந்தால், சாவி யாரிடம் என்ற கேள்வி கட்டடத்தைப் பற்றியது மட்டும் அல்ல. அது ஒரு பங்காளியின் உரிமையைப் பற்றியதும்கூட.

எந்தக் காலத்து வீடு என்பதைப் பொறுத்து நோய் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய வீடுகள் பெரும்பாலும் ஒற்றை மாடி, அகன்ற திண்ணை, நாட்டு ஓடு. அவற்றில் கூரைதான் பலவீனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகப்பு இரண்டு மாடியாக உயர்ந்தது, சுதைச் சிற்பமும் கைப்பிடிச் சுவரும் வந்தன. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனை அந்த உச்சத்தைக் காட்டும். இந்த வீடுகளில் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும், அதைத் தாங்குவது மரக்கட்டை அல்லது இங்கிலாந்து இரும்பு. 1930-களின் வீடுகளில் கான்கிரீட் நுழைந்தது. பார்க்கப் புதிதாக இருப்பதால் அவை உறுதியானவை என்று நம்பிவிடக் கூடாது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஐம்பது வருடம் மூத்த சுண்ணாம்புச் சுவர் அதே தெருவில் கலங்காமல் நிற்கும்.

அந்தச் சுவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பூச்சு பல அடுக்கு. அடியில் மணலும் சுண்ணாம்பும், மேலே போகப்போக நைசான கலவை, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு. சாந்தில் கருப்பட்டியும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்ப்பார்கள். வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் குளிரும், நூறு வருடம் ஆனாலும் பளபளக்கும். இந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் இயல்புடையது. பிற்காலத்தில் யாரோ சிமெண்டால் ஒட்டுப்போட்டால், அல்லது பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உவர் பூக்கும், சுவர் பொரிந்து உதிரும். ஆகவே சுவரைப் பார்க்கிறவர் அழுக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரைக் கண்டுதான் பயப்பட வேண்டும். விற்பதற்காக வெள்ளையடித்துக் கொடுக்கும் வீட்டைவிட, கரியும் தூசியும் படிந்த வீடு நேர்மையானது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தால், பூச்சு சுவரை விட்டுப் பிரிந்த இடத்தில் வெற்றொலி கேட்கும்.

தரையும் அப்படியே. ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்தது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து எடுப்பது. கண்ணாடியிலிருந்து பிரியும்போதே அதற்குப் பளபளப்பு வந்துவிடும். நடக்க நடக்க மெருகு கூடும். நிறம் மங்கியிருந்தால் குறை இல்லை. வரிசை உள்வாங்கியிருந்தால் கீழே தூம்பு உடைந்திருக்கலாம், பெருச்சாளி குடைந்திருக்கலாம். ஆத்தங்குடியில் இன்றும் அதே முறையில் கல் வார்க்கிறார்கள் என்பதால் உடைந்த கல்லுக்கு மாற்று கிடைக்கும்.

கூடுவாய்க்கு வருவோம். வளவின் நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவு மூலையில் சேரும் பள்ளம்தான் கூடுவாய். மொத்த மழையும் அந்த நான்கு மூலை வழியாக முற்றத்துக்கு இறங்குகிறது. வறண்ட சீமை இது. ஒரு சொட்டையும் விடக் கூடாது என்றுதான் அப்படி வகுத்தார்கள். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து தொட்டிக்கும் கிணற்றுக்கும் போகும், தெருத் தண்ணீர் ஊரணிக்குப் போகும். கூடுவாயின் தகடு ஓட்டையானாலோ, இலை அடைத்தாலோ, தண்ணீர் பக்கவாட்டில் சுவருக்குள் இறங்கும். அங்கேதான் உத்தரத்தின் நுனி சுவரில் பதிந்திருக்கிறது. நடுவில் இரும்பு போல் இருக்கும் அதே தேக்கு, சுவருக்குள் மறைந்த அந்த ஒரு முழத்தில் உளுத்துப் போயிருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஏணி போட்டு ஏறி, திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதன் வேர் எங்கே போகிறது என்றும் அப்போதே பார்த்துவிடலாம். முற்றத்துத் தூம்பில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று ஆளை அனுப்பிப் பார்ப்பது இன்னும் எளிது. வெளிவரவில்லை என்றால் அந்தத் தண்ணீர் அடித்தளத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இப்படிப் பார்த்து எடுத்துக் காப்பாற்றிய வீடுகளும் இருக்கின்றன. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சீரமைத்து விடுதியாக்கினார்கள். கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், காரைக்குடியின் பங்களா என்று விருந்தினர் தங்கும் வீடுகள் கூடிவருகின்றன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. வாங்க வருபவர்கள் அதனாலும் பெருகியிருக்கிறார்கள். விடுதிக்காக வாங்குபவருக்கு ஒரு கேள்வி கூடுதல்: குளியலறைகளை எங்கே வைப்பது? வளவின் அறைகளுக்குள் குழாயை இழுத்தால் நூறு வருடச் சுண்ணாம்பு நனையத் தொடங்கும். பின்கட்டில் இடம் இருக்கிறதா, கழிவுநீர் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அறைக் கணக்குப் போட வேண்டும்.

வழக்கறிஞரையும் கொத்தனாரையும் தவிர மூன்றாவதாக ஒருவரைப் பார்க்க வேண்டும். வீட்டைக் காவல் காக்கும் குடும்பத்தில் மூத்தவர். எந்த ஐயா எந்த வருடம் எந்த நிலையை எடுத்துப் போனார், எந்த ஆச்சியின் அறையில் ஒழுகல் முதலில் தொடங்கியது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வருடா வருடம் படைப்பு அந்த வீட்டில்தான் நடக்கிறதா என்றும் அவரிடமே கேட்கலாம். நடக்கிறது என்றால் எத்தனை கையெழுத்து விழுந்தாலும் ஏதாவது ஒரு கிளை கடைசி நேரத்தில் மறுக்கக்கூடும். சாமி அறையை மட்டும் தனியே ஒதுக்கி, படைப்பு நாளில் பங்காளிகள் வந்துபோகும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டால் மறுப்பவர் மனசும் இளகும். அதை வாங்குபவரே முன்வந்து சொல்வது நல்லது.

வீடு பார்ப்பவர்கள் பெரும்பாலும் தையிலும் மாசியிலும் வருகிறார்கள். அப்போது வானம் தெளிவு, முற்றம் காய்ந்திருக்கும், படம் நன்றாக வரும். ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ, வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நாளில் இன்னொரு முறை போக வேண்டும். அன்று கூடுவாய் நான்கையும் நேரிலேயே பார்த்துவிடலாம். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.